தோற்புற்றும் புரோட்டான் கிரணமும்

மூக்கோரத்தில் பொருக்குத் தட்டி, உதிர்ந்து, மறுபடியும் கசிகிற புண்ணொன்று மாதக்கணக்கில் ஆறாதிருந்தால், களிம்பு தடவிக் காலங்கடத்தாமல் வைத்தியரிடம் காட்டுவதே விவேகம். ஏனெனில், அது தோற்புற்றாக இருக்கலாம்; தோற்புற்று பெரும்பாலும் ஆரம்பத்தில் சிறு அறுவையாலேயே குணமாகிவிடும்.

அறுவையால் மட்டும் தீராத புற்றுக்குக் கதிர்ச் சிகிச்சை தருகையில், எக்ஸ் கதிர் சரீரத்தை ஊடுருவி மறுபுறம் வெளியேறுகையில் வழிநெடுக உள்ள நல்ல திசுக்களையும் தாக்குகிறது. புரோட்டான் என்னும் அணுத்துகளோ, குறித்த ஆழத்தில் தன் சக்தியின் பெரும்பகுதியைக் கொட்டிவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறது. இந்த விசேஷ குணத்தைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தலாமென்று ராபர்ட் வில்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1946இல் எழுதினார். தென்னாசியாவின் முதல் புரோட்டான் சிகிச்சை நிலையத்தை அப்போலோ மருத்துவமனை நிறுவனத்தார் 2019இல் சென்னைத் தரமணியில் திறந்தனர்.

ஆயினும், மேல்தோலோடு நிற்கும் புற்றுக்கு இத்தனை பெரிய யந்திரம் அவசியமில்லை; கண்ணுக்குள் எழும் மெலனோமா என்னும் புற்றுக்கும், நரம்பு வழியே கபாலத்தின் அடிப்பகுதி நோக்கிப் பரவிய தோற்புற்றுக்குமே, பார்வையையும் மூளையையும் காக்கும்பொருட்டு, அது விசேஷமாகப் பிரயோசனப்படும்.