நாய்க்குட்டிக்குப் பச்சைக்கறி: பாசத்தால் வந்த வினை!

சென்னை,-

"இது ஓநாய் பரம்பரை சார். சோறு போட்டா வீணாப் போயிடும். பச்சைக்கறி போடுங்க. புலி மாதிரி வளரும்!"

இந்தப் பேச்சை நம்பி ஆசை ஆசையாக வளர்த்த அல்சேஷன் குட்டி ஒன்று, ஆறே வாரத்தில் எழுந்து நிற்க முடியாமல் தரையோடு தரையாகக் கிடந்தது. பட்டினியால் அல்ல. தினமும் வயிறு முட்டக் கறி தின்ற குட்டி அது!

இதுபற்றிய விவரம் வருமாறு:-

பெயர் டைகர்

பெரம்பூர் பக்கம் குடியிருப்பவர் அவர். பாரிமுனையில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. முதல் வகுப்பு படிக்கும் ஒரே மகள். "நாய்க்குட்டி வேணும்பா" என்று அவள் ஒரு மாதம் அடம் பிடித்தாள். 2 மாதக் குட்டி ஒன்றை வாங்கி வந்தார். டைகர் என்று பெயர் வைத்தார்கள்.

முதல் வாரம் பாலும் சோறும் போட்டார்கள். குட்டியும் நன்றாகத்தான் இருந்தது. அப்போது செல்போனில் ஒரு வீடியோ வந்தது. வெளிநாட்டு நாய் ஒன்று பச்சை இறைச்சியைக் கிழித்துத் தின்கிறது. உடம்பெல்லாம் மினுமினுப்பு. கூட வேலை பார்ப்பவரும் ஓநாய் கதை சொல்லித் தூபம் போட்டார்.

மறுநாள் காலையிலேயே கறிக்கடையில் போய் நின்றார்.

"எலும்பு இல்லாம கொடுங்க பாய். குட்டி தொண்டையில சிக்கிக்கும்."

"நாய்க்குத்தானே சார்? இந்த நுரையீரலையும் எடுத்துட்டுப் போங்க. காசு வேணாம்."

கறியைக் கழுவி, துண்டு போட்டு, அப்படியே தட்டில் வைத்தார். டைகர் ஒரு நிமிஷத்தில் தட்டைக் காலி செய்தது. வீடே மகிழ்ச்சியில் மிதந்தது. அன்று முதல் சோற்றுக்கு விடை கொடுத்தார்கள்.

நாலாவது வாரம் பின்னங்காலில் லேசான நொண்டல். "விளையாடும்போது அடிபட்டிருக்கும்" என்று தைலம் தேய்த்தார் மனைவி. ஆறாவது வாரம் ஒருநாள் காலையில் டைகர் எழவே இல்லை. மகள் ஓடிப்போய்த் தூக்கினாள். குட்டி வீல் என்று அலறியது. பயந்துபோன குழந்தையும் அழத் தொடங்கியது.

எக்ஸ்ரே காட்டிய உண்மை

ஆட்டோ பிடித்து வேப்பேரிக்கு ஓடினார்கள். 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி அங்கேதான் இருக்கிறது. நாயும் பூனையும் ஆடுமாக வரிசையில் நிற்கும் கூட்டத்தில், துண்டில் சுற்றிய டைகருடன் அவரும் நின்றார்.

டாக்டர் காலைத் தொட்டுப் பார்த்தார். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்.

"சார், எலும்பு படத்துல பளிச்சுனு வெள்ளையா தெரியணும். இங்க பாருங்க, சதைக்கும் எலும்புக்கும் வித்தியாசமே தெரியலை. தொடை எலும்பு மடங்கி விரிசல் விட்டிருக்கு. என்ன சாப்பாடு போடறீங்க?"

"கறிதான் டாக்டர். வெறும் கறி. ஒரு வேளை கூட தவறினதில்லை."

"அதான் வினையே!"

குமாஸ்தாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

எலும்பைக் கரைக்கும் கணக்கு

வளரும் குட்டிக்குச் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் ஏறக்குறைய சம அளவில் வேண்டும். சுண்ணாம்புச் சத்து சற்றுத் தூக்கலாக இருந்தால் நல்லது. எலும்பில்லாத கறியில் இந்தக் கணக்கு தலைகீழ். சுண்ணாம்புச் சத்து ஒரு பங்கு என்றால், பாஸ்பரஸ் 15, 20 பங்கு!

ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஓர் அளவுக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் தசையும் இதயமும் தடுமாறும். அதனால் கழுத்தில் உள்ள பாராதைராய்டு என்ற சின்னஞ்சிறு சுரப்பி உடனே வேலையில் இறங்குகிறது. சாப்பாட்டில் இல்லாத சத்தை எலும்பில் இருந்து உருவி ரத்தத்துக்குக் கொடுக்கிறது. நாளுக்கு நாள் எலும்பு மெலிகிறது. குட்டியின் எடை மட்டும் ஏறுகிறது. கடைசியில் தன் உடம்பைத் தன் காலே தாங்காது.

பெரிய ஜாதிக் குட்டிகள் வேகமாக வளர்வதால் அவற்றுக்கு இந்த ஆபத்து அதிகம். இதில் பச்சைக்கறி, வெந்த கறி என்ற பேதம் இல்லை. வெறும் கறி என்றால் வெந்தாலும் இதே கதிதான். ஓநாய் கூட வெறும் சதையைத் தின்று வாழவில்லை. இரையின் எலும்பையும் சேர்த்துத்தான் கடித்து விழுங்குகிறது.

பாதி கேட்ட கதை

பச்சைக்கறி மோகத்தை உலகம் பூராவும் பரப்பியவர்களில் முக்கியமானவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் என்ற ஆஸ்திரேலியக் கால்நடை டாக்டர். 1993-ல் இதற்காகவே ஒரு புத்தகம் எழுதினார். 'பார்ஃப்' என்ற பெயரில் இந்த முறை பரவியது. ஆனால் அவரும் வெறும் சதையைப் போடச் சொல்லவில்லை. சதை ஒட்டிய பச்சை எலும்புதான் அவர் திட்டத்தில் பெரும்பங்கு. கூடவே காய்கறியும் உண்டு. நம்மவர்கள் பாதியைக் கேட்டார்கள், பாதியை விட்டார்கள்.

அந்த முழுத் திட்டத்தையும் எல்லா டாக்டர்களும் ஒப்புக்கொள்ளவில்லை. அமெரிக்கக் கால்நடை மருத்துவ சங்கம் 2012-ல், நாய்க்கும் பூனைக்கும் வேகாத இறைச்சி கொடுப்பதைத் தவிர்க்கும்படி அறிவித்தது. காரணம் கிருமி.

நாய் ஓநாய் அல்ல என்பதற்கும் ஆதாரம் வந்துவிட்டது. சோற்று மாவைச் செரிக்க உதவும் மரபணு நாய்க்கு ஓநாயைவிடப் பல மடங்கு அதிகம் என்று சுவீடன் விஞ்ஞானிகள் 2013-ல் கண்டுபிடித்தார்கள். ஆயிரக்கணக்கான வருஷம் மனிதனோடு இருந்து, மனிதனின் சாப்பாட்டுக்கே பழகிவிட்ட பிராணி அது. நம்மூர் நாய்கள் கூழும் சோறும் தின்றது வீண் போகவில்லை!

கோழிக் கழுத்து

"சரி, எலும்போடு சேர்த்துக் கோழிக் கழுத்து போடலாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. சென்னையில் கோழிக்கடை வாசலில் தினமும் நடக்கும் வியாபாரம் இது. கழுத்து, கால், தலை, தோல் எல்லாம் 'நாய்க்கு' என்று தனிப் பையில் போகின்றன.

ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் பல்கலைக்கழக டாக்டர்கள் இதை ஆராய்ந்தார்கள். திடீரென்று பின்னங்கால் துவண்டு, பிறகு முன்னங்கால், கழுத்து என்று முடங்கிப்போகும் ஒரு வாத நோய் நாய்களுக்கு வருகிறது. அப்படி வந்த 27 நாய்களையும், வராத 47 நாய்களையும் ஒப்பிட்டார்கள். முடிவு 2018-ல் வெளியானது. வேகாத கோழி இறைச்சி தின்றதற்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருப்பது தெரிந்தது. கோழி இறைச்சியில் இருக்கும் காம்பைலோபாக்டர் என்ற கிருமி, நோய் வந்த நாய்களிடம் இருக்க வாய்ப்பு 9.4 மடங்கு அதிகம்!

பெரும்பாலான நாய்கள் பிழைத்துக்கொள்ளும். ஆனால் பல வாரம், பல மாதம் ஆகும். மூச்சுத் தசை முடங்கினால் உயிர் போகும். மனிதர்களுக்கு வரும் 'கிலான்-பாரே' வாத நோயும் இதே மாதிரிதான். அதைத் தூண்டுவதிலும் இதே கிருமிக்குப் பங்கு உண்டு.

பறவைக் காய்ச்சல் ஆபத்து தனி. தாய்லாந்தில் 2004-ல், நோய் தாக்கிய வாத்தைத் தின்ற நாய் ஒன்று அதே காய்ச்சலில் செத்தது.

கழுவினால் இந்தக் கிருமிகள் போகாது. தண்ணீர் தெறித்து அடுப்பங்கரை பூராவும் பரவும். ஐஸ்பெட்டியில் வைத்தாலும் ஒழியாது. தூங்கும், அவ்வளவுதான்.

டாக்டரின் இரண்டாவது கேள்வி

டைகருக்கு ஊசி போட்டுவிட்டு டாக்டர் திரும்பினார்.

"வீட்ல சின்னக் குழந்தை இருக்கா?"

"இருக்கு டாக்டர். எப்பவும் இதைக் கட்டிக்கிட்டேதான் இருப்பா."

"நுரையீரல் போட்டேன்னீங்களே, வேகவெச்சுப் போட்டீங்களா?"

குமாஸ்தா பதில் பேசவில்லை.

ஆடு, மாடுகளின் ஈரலிலும் நுரையீரலிலும் சில சமயம் நீர்க்கட்டி இருக்கும். அதற்குள் ஒரு நாடாப்புழுவின் குஞ்சுகள் இருக்கும். அதைப் பச்சையாகத் தின்னும் நாயின் குடலில் அவை புழுவாக வளரும். அரிசி நீளம்கூடத் தேறாத புழு. நாய்க்கு ஒரு தொந்தரவும் தெரியாது. ஆனால் புழுவின் முட்டைகள் மலத்தோடு வெளியேறி, நாயின் ரோமத்திலும் ஒட்டிக்கொள்ளும்.

குழந்தை நாயைத் தடவுகிறது. அதே கையை வாயில் வைக்கிறது. முட்டை வயிற்றுக்குள் போகிறது. ஈரலிலோ நுரையீரலிலோ ஒரு நீர்க்கட்டி பிறக்கிறது. சத்தம் இல்லாமல், வருஷக்கணக்கில் வளர்கிறது. உள்ளே உடைந்தால் உயிருக்கே ஆபத்து. தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிகளிலும் இந்தக் கட்டிக்கு ஆபரேஷன் நடக்கத்தான் செய்கிறது.

ஒரு நாடே இதை எதிர்த்துப் போராடியது. ஆடுகள் நிறைந்த நியூசிலாந்தில் 1959-ல் இதற்கென்றே சட்டம் போட்டார்கள். வேகாத ஈரல், குடல், நுரையீரலை நாய்க்குப் போடக் கூடாது என்று கண்டிப்பு காட்டினார்கள். நாய்களுக்குத் தவறாமல் புழு மருந்து கொடுத்தார்கள். 2002-ல்தான் நோய் ஒழிந்ததாக அறிவிக்க முடிந்தது. 40 வருஷத்துக்கு மேல் ஆனது!

"தெருநாய் தின்னலையா?"

இது எல்லோரும் கேட்கும் கேள்வி. தெருநாய் குப்பையில் கிடக்கும் கோழிக்கழிவைத் தின்றுவிட்டுத் திடகாத்திரமாகத்தானே திரிகிறது?

திரிவது பிழைத்த நாய். பிழைக்காதது நம் கண்ணில் படுவதில்லை. மேற்கு வங்காளத்தில் விஞ்ஞானிகள் 364 தெருநாய்க் குட்டிகளைக் கணக்கெடுத்தார்கள். விவரம் 2016-ல் வெளியானது. குட்டி போடும் வயது வரை உயிரோடு இருந்தவை 100-க்கு 19 மட்டுமே. மனிதர்களும் வண்டிகளும் கொன்றதும் இதில் உண்டு. எல்லாச் சாவுக்கும் சாப்பாடு காரணம் இல்லை. ஆனால் "தெருநாய்க்கு ஒண்ணும் ஆகலை" என்பது வெறும் பேச்சு என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

என்ன செய்ய வேண்டும்?

டாக்டர்கள் சொல்லும் யோசனைகள் இவை:-

* கறியை உள்ளே சிவப்பு தெரியாதபடி நன்றாக வேகவைக்க வேண்டும். ஈரல், நுரையீரல் என்றால் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் கொதிக்க வேண்டும். வெங்காயம், பூண்டு, மசாலா கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும்.

* வெந்த எலும்பு கூடவே கூடாது. ஊசி ஊசியாக உடைந்து குடலைக் குத்தும். பச்சை எலும்பும் பல்லை உடைக்கலாம், தொண்டையை அடைக்கலாம்.

* வெறும் கறி ஆகாது. குட்டியின் வயது, எடைக்குத் தகுந்தபடி என்ன கலக்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். முடிந்தவர்கள் குட்டிகளுக்கென்று விற்கும் முழுச் சத்துத் தீவனம் வாங்கலாம்.

* கால்சியம் டானிக்கை இஷ்டத்துக்கு ஊற்றக் கூடாது. பெரிய ஜாதிக் குட்டிக்கு அது கூடிப்போனாலும் எலும்பு கோணும்.

* புழு மருந்தை டாக்டர் சொல்லும் தேதியில் தவறாமல் கொடுக்க வேண்டும்.

* நாயைத் தொட்ட பிறகும், அதன் தட்டைக் கழுவிய பிறகும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். நாய் முகத்தை நக்கக் குழந்தைகளை விடக் கூடாது.

டைகர் இப்போது

டைகரைத் துள்ளிக் குதிக்க விடாமல் ஒரு சின்ன அடைப்புக்குள் பல வாரம் வைத்திருந்தார்கள். சாப்பாட்டை டாக்டர் மாற்றிக் கொடுத்தார். புழு மருந்தும் கொடுத்தார்கள். மெல்ல மெல்ல எலும்பு உறுதியானது. இப்போது டைகர் நடக்கிறது. பின்னங்கால் ஒன்று மட்டும் லேசாக வளைந்துவிட்டது. அது இனி நேராகாது.

மகளை ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்ற பிறகுதான் தாய்க்கு மூச்சு வந்தது.

போன வாரம் குமாஸ்தா மறுபடி அதே கறிக்கடைக்குப் போனார்.

"என்ன சார், ஆளையே காணோம்? நுரையீரல் எடுத்து வெச்சிருக்கேன்."

"அது வேணாம் பாய். கால் கிலோ கறி மட்டும் கொடுங்க. வேகவெச்சு சோத்துல பிசைஞ்சுதான் போடறேன். நாய்க்குன்னு கேக்கறவங்ககிட்ட நீங்களும் சொல்லிடுங்க, பச்சையா போட வேணாம்னு."