வீட்டு முற்றத்தில் சுக்கினி

2025 நவம்பரில் டித்வா புயலின்போது ஏற்பட்ட மண்சரிவுகள் மலையகத்தில் பல குடும்பங்களின் வீட்டோடு மரக்கறித் தோட்டத்தையும் கொண்டுபோயின. புதிய இடத்தில் ஒரு துண்டு நிலம் கிடைத்ததும் எழும் கேள்வி, "எதை நட்டால் சீக்கிரம் கறிக்கு ஆகும்?" என்பதுதான். கரட்டும் லீக்ஸும் மூன்று மாதமும் அதற்கு மேலும் எடுக்கும். சுக்கினி விதைத்து 50 முதல் 60 நாட்களில் காய் தரும்.

இது பூசணி இனம். ஆனால் கொடி ஓடாது. புதராக ஓரிடத்தில் நிற்கும். ஒரு குடும்பத்துக்கு நான்கு செடிகள் போதும்.

மண்ணைத் தயார் செய்தல்

தேயிலை நின்ற மண் புளிப்பு மண். சுக்கினிக்கு அது ஒத்துவராது. ஒன்றரை அடி அகலம், ஒரு அடி ஆழத்தில் குழி எடுத்து, இரண்டு கைப்பிடி டொலமைட் கலந்து மூன்று வாரம் விடுங்கள். பின்பு மக்கிய சாணமோ கூட்டெருவோ ஒரு கூடை போடுங்கள். குழிக்குக் குழி மூன்று அடி இடைவெளி வேண்டும். சரிவான நிலமானால் குழிகளைச் சரிவுக்குக் குறுக்கே வரிசையாக எடுங்கள். வெட்டிய மண் கரையின் அடியில் ஒருபோதும் தோண்டாதீர்கள்.

விதைத்தல்

நுவரெலியாவில் தை, மாசிப் பனி இளஞ்செடியைக் கருக்கிவிடும். பனி நின்றபின் விதையுங்கள். ஹட்டன் பக்கம் வைகாசியில் பெருமழை தொடங்குமுன் காய் பறிக்கும்படி மாசியிலேயே விதைக்கலாம். மண் நிரப்பிய சிறு பைகளில் ஓர் அங்குல ஆழத்தில் விதையை ஊன்றி, இரவில் அடுப்படியில் வையுங்கள். குளிரில் முளைக்கத் தாமதிக்கும். மூன்றாவது இலை வந்ததும் வேர் அசையாமல் நடுங்கள்.

பூவும் காயும்

முதலில் வருபவை ஆண் பூக்கள். பெண் பூவின் அடியில் பிஞ்சு இருக்கும். மூடுபனி நாளில் தேனீ வராது. பிஞ்சு அழுகி விழும். அப்போது காலையில் ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, பெண் பூவின் நடுவில் தடவிவிடுங்கள். இலையில் சாம்பல் நோய் கண்டால், ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து வெயில் நேரத்தில் தெளியுங்கள். காய் ஆறு, ஏழு அங்குலம் ஆனதும் காம்போடு வெட்டுங்கள். முற்றவிட்டால் செடி காய்ப்பதை நிறுத்தும்.

சமையல்

சுக்கினியில் தண்ணீர் அதிகம். வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, பெரிய தீயில் ஐந்து நிமிடம் வதக்கி, உப்பைக் கடைசியில் போடுங்கள். பருப்போடு சேர்ப்பதானால் பருப்பு வெந்தபின் போட்டு, முதற்பாலை விட்டு உடனே இறக்குங்கள். துருவிய காயை ரொட்டி மாவில் பிசைந்தால் மா மிச்சமாகும். தண்ணீர் கொஞ்சம்தான் தேவைப்படும். சமைக்குமுன் ஒரு துண்டைக் கடித்துப் பாருங்கள். கசந்தால் முழுக் காயையும் எறிந்துவிடுங்கள். அது வயிற்றுக்குக் கேடு.

விற்பனைக்கு முன்

"ஹோட்டலுக்கு நல்ல விலை" என்று கேட்டு, கடன்பட்டு விதை வாங்காதீர்கள். 2020இல் கொரோனாவால் ஹோட்டல்கள் மூடியபோது, அவற்றை நம்பிப் பயிரிட்டவர்களின் நிலை என்னவென்று நமக்குத் தெரியும். இந்தக் காயை நாலு நாளைக்கு மேல் வைத்திருப்பது கடினம். வாங்க ஆள் உண்டா என்று முதலில் விசாரியுங்கள். முதல் போகம் நம் வீட்டுச் சட்டிக்கு. மிஞ்சினால் பக்கத்து வீட்டுக்கு. வாங்குபவர் உறுதியானபின் செடிகளைக் கூட்டலாம்.