கடை திறந்திருக்கு... கூகுளுக்குத் தெரியுமா?

தீபாவளிக்குப் பத்தே நாள். கடை முழுக்கப் புதுச் சரக்கு. வாசலில் சீரியல் பல்பு, உள்ளே ஏ.சி., கல்லாவில் முதலாளி. ஷட்டர் மட்டும் இறங்கியே இருக்கிறது! ‘‘என்னப்பா, ஒரு ஈ காக்காயைக்கூடக் காணோம்?’’ என்று முதலாளி எரிந்து விழுகிறார்.

சிரிக்காதீர்கள். இன்டர்நெட்டில் கடை போட்ட சிலருடைய கதை அப்படியே இதுதான். பாங்க் லோன், சம்சாரத்தின் வளையல் எல்லாம் சேர்த்து வெப்சைட் போட்டிருப்பார்கள். கூகுளில் தேடினால் கடையைக் காணோம். உடனே யாராவது ஒருத்தர், ‘‘விளம்பரம் குடுங்க சார், பிச்சுக்கிட்டுப் போகும்’’ என்பார். கொடுப்பார்கள். காசு இருக்கிறவரை கூட்டம் வரும். காசு நின்றால் கூட்டமும் நின்றுவிடும்.

நான் பி.காம். படித்தவன். கணக்கு உதைக்கிறதென்றால் புதுசாகக் கடன் வாங்காதே, முதலில் எங்கே ஒழுகுகிறது என்று பார்... காமர்ஸ் சொல்லித்தந்தது அவ்வளவுதான். வெப்சைட்டுக்கும் அதே வைத்தியம்!

நாம் தேடும்போது கூகுள் அந்த நிமிஷமே உலகத்தைச் சுற்றிவிட்டு வருவதில்லை. கூகுள்பாட் என்று ஓர் ஆசாமி (ஆசாமி என்ன, வெறும் புரோகிராம்தான்) லிங்க் விட்டு லிங்க் தாவி, பக்கம் பக்கமாகப் படிக்கிறார். படித்ததைப் பேரேட்டில் முன்கூட்டியே ஏற்றி வைக்கிறது கூகுள். பேரேட்டில் இல்லாத கடை, கூகுளைப் பொறுத்தவரை ஊரிலேயே இல்லை! ஒரு புடவைக் கடையை வைத்துக்கொண்டு, இந்த ஆசாமி எங்கெல்லாம் தடுக்கி விழுகிறார் என்று பார்க்கலாமா?

வாசலில் வாட்ச்மேன்

‘ரோபாட்ஸ்.டிஎக்ஸ்டி’ என்று ஒரு குட்டி ஃபைல். ‘இங்கே வா, அங்கே போகாதே’ என்று ரோபாட்டுகளுக்குச் சொல்லும் வாட்ச்மேன். 1994-ல் மார்ட்டின் கோஸ்டர் என்பவர் கொண்டுவந்த ஏற்பாடு. சைட் தயாராகும்வரை யாரும் எட்டிப் பார்க்கக் கூடாதென்று, அதில் ‘டிஸ்அலோ’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு சாய்வுக் கோடு போட்டு வைப்பார்கள். அந்த ஒற்றைக் கோட்டுக்கு அர்த்தம், மொத்தக் கடையும் பந்த்! திறப்பு விழா அன்று எல்லோருக்கும் லட்டு கொடுப்பார்கள். கோட்டை மட்டும் எடுக்க மறந்துவிடுவார்கள்.

உங்கள் சைட் விலாசத்துக்குப் பின்னால் சாய்வுக் கோடு போட்டு, அந்த ஃபைல் பெயரைச் சின்ன எழுத்தில் அடித்துப் பாருங்கள். தெரிந்துவிடும்.

இன்னொருவர், பக்கத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும் ‘நோஇண்டெக்ஸ்’. ‘என்னைப் பேரேட்டில் ஏற்றாதே’ என்று நோட்டீஸ். வேண்டாத பக்கத்தை கூகுளிலிருந்து எடுக்கிறேன் பேர்வழி என்று சிலர் இரண்டையும் சேர்த்துப் போடுவார்கள். வாட்ச்மேன் உள்ளேயே விடவில்லையென்றால், உள்ளே ஒட்டிய நோட்டீஸை ஆசாமி எப்படிப் படிப்பார்? வேண்டாத பக்கம் ஜம்மென்று பேரேட்டிலேயே தங்கிவிடலாம்!

200 புடவை, 1,200 விலாசம்

கலர் எட்டு, விலை ஆறு, துணி ரகம் ஐந்து, வரிசைப்படுத்த ஐந்து வழி. ஒவ்வொன்றிலும் ஒன்றைத் தட்டினால் 8×6×5×5 = 1,200 விலாசங்கள். இருப்பதோ 200 புடவை! இது ஒரு பிரிவுக்கு. நூறு பிரிவு உள்ள பெரிய கடையென்றால் 1,20,000. பார்த்ததையே பார்த்து ஆசாமி களைத்துப் போகிறார். நேற்று வந்த புதுச் சரக்கு மூலையில் காத்துக் கிடக்கிறது.

யாரும் தேடாத இந்த மாதிரி விலாசங்களுக்கு வாட்ச்மேனை நிறுத்துங்கள். ஒரே புடவை இரண்டு விலாசத்தில் இருந்தால், ‘இதுதான் அசல்’ என்று ‘கெனானிகல்’ குறிப்பு போடுங்கள். 2009-ல் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து கொண்டுவந்தது. ஆனால் இது சிபாரிசுதான், உத்தரவு அல்ல. குறிப்பு ஒன்றைக் காட்டி, கடைக்குள் இருக்கும் லிங்க் இன்னொன்றைக் காட்டினால் கூகுள் தன் இஷ்டத்துக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளும்.

ஆசாமி பட்டன் அமுக்கமாட்டார்

முதல் இருபது புடவை தெரியும். மிச்சத்துக்கு ‘மேலும் காட்டு’ என்று பட்டன். நாம் அமுக்குவோம். ஆசாமிக்கு அந்தப் பழக்கம் கிடையாது. இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம் என்று தனித்தனி விலாசமும் முறையான லிங்க்கும் வேண்டும். கூடவே ‘சைட்மேப்’ என்ற ஜாபிதாவையும் கொடுத்துவிடுங்கள். ஒரு ஜாபிதாவில் 50,000 விலாசம்வரை எழுதலாம்.

வித்துப்போச்சா?

சரக்கு மறுபடி வருமென்றால் பக்கத்தை எடுக்காதீர்கள். ‘இப்போது ஸ்டாக் இல்லை’ என்று போட்டால் போதும். இனி வரவே வராது, ஆனால் கிட்டத்தட்ட அதே மாதிரி வேறு இருக்கிறதா? ‘301’ போட்டு அங்கே அனுப்புங்கள். ஒன்றுமே இல்லையா? ‘404’ என்று நேர்மையாகச் சொல்லிவிடலாம், தப்பே இல்லை. எல்லாவற்றையும் முதல் பக்கத்துக்குத் தள்ளிவிடுவதுதான் தப்பு. மயில் கழுத்துக் கலர் பட்டு கேட்டு வந்தவரை வாசலில் கொண்டுபோய் விட்டால் திட்டமாட்டாரா? கூகுளும் அதைக் காலிப் பக்கமாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

செல்போன்தான் கடை

2016-ல் அறிவித்து 2023-ல் முடித்த மாற்றம் இது. கூகுள் இப்போது செல்போனில் தெரியும் வடிவத்தைத்தான் படிக்கிறது. கம்ப்யூட்டரில் ஜரிகை முதல் முந்தானைவரை விவரம் கொடுத்துவிட்டு, செல்போனில் படமும் விலையும் மட்டும் காட்டினால் மிச்சமெல்லாம் கோவிந்தா!

வேகமும் முக்கியம். பக்கத்தின் பெரிய சமாசாரம் 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்கிறது கூகுள். போட்டோவைக் காமிராவிலிருந்து எடுத்து அப்படியே ஏற்றாமல், சுருக்கி ஏற்றுங்கள். அகலம், உயரம் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் படம் வந்து இறங்கும்போது பக்கமே குதிக்கும். ‘வாங்கு’ பட்டனை அமுக்கப் போன விரல் வேறெங்கோ அமுக்கும்!

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க, கூகுளே ‘சர்ச் கன்சோல்’ என்று ஒன்றை இலவசமாகத் தருகிறது. எந்தப் பக்கம் பேரேட்டில் ஏறியது, எது ஏறவில்லை, ஏன் என்று புட்டுப் புட்டு வைக்கும். வாரம் ஒருமுறை ஸ்டாக் பார்க்கிற மாதிரி இதையும் பாருங்கள்.

‘‘இதெல்லாம் செஞ்சா முதலிடம் கிடைச்சிடுமா சார்?’’

அப்படியெல்லாம் இல்லை. பந்தயத்தில் ஓட அனுமதி கிடைக்கும். அப்புறம் சரக்கும் விலையும் வாடிக்கையாளர் நம்பிக்கையும்தான் ஓட வேண்டும். ‘முதலிடம் கேரண்டி’ என்று யாராவது பில் நீட்டினால் உஷார்! அப்படி யாராலும் கேரண்டி தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. பெண் வீட்டார் இன்னும் சம்மதிக்கவே இல்லை. தரகர் பத்திரிகை அடித்துவிட்டால் கல்யாணம் நடந்துவிடுமா என்ன?