எஃகில் இறங்கும் முன் நாலு பேர் பார்க்கட்டும்

திருவொற்றியூர் என்றதும் எம்.ஆர்.எஃப். டயர்தான் நினைவுக்கு வரும். ஆனால் 1946இல் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை அங்கே ஒரு சிறு கொட்டகையில் தொடங்கியது குழந்தைகளுக்கான பலூன் தொழில். டிரெட் ரப்பர் 1952இல் வந்தது. டயர் அதற்கும் பிறகு. அதே குழுமம் 1987இல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோவுடன் கைகோத்து ஃபன்ஸ்கூல் என்ற பொம்மை நிறுவனத்தைத் தொடங்கி, மறுபடியும் குழந்தைகளிடமே வந்து சேர்ந்தது.

ஃபன்ஸ்கூல் இங்கே தயாரித்த ஜி.ஐ. ஜோ வீரர்களைத் தொண்ணூறுகளில் வளர்ந்த பிள்ளைகள் மறந்திருக்க மாட்டார்கள். அவற்றின் அச்சுகள் ஹாஸ்ப்ரோவிடமிருந்து வந்தவை. பல பொம்மைகளுக்கு இங்கே வேறு வண்ணம் பூசினார்கள். முகமும் தோளும் விரலும் மட்டும், முதல் சிற்பி எப்படிச் செதுக்கினாரோ அப்படியே இருந்தன. அச்சு எந்த நாட்டுக்குப் போனாலும் சிற்பியின் திறமையும் பிழையும் கூடவே போகும். அதனால்தான் பொம்மைத் தொழிலில் ஒரு மாடலை அச்சுக்கு அனுப்பும் முன் பலரிடம் காட்டிக் கருத்து கேட்கிறார்கள். இதற்குத் தொழிலில் இருப்பவர்கள் சொல்லும் பெயர்: ‘கரெக்‌ஷன்’.

பிழை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஜி.ஐ. ஜோவே சாட்சி. 1964இல் வெளியான ஏறக்குறைய ஒரு அடி உயர முதல் பொம்மையின் வலது கட்டைவிரலில் நகம் உள்பக்கமாக இருந்தது. ஹாஸ்ப்ரோ அதைத் திருத்தாமல், போலிப் பொம்மைகளைக் கண்டுபிடிக்கும் அடையாளமாக வைத்துக்கொண்டது. எல்லாப் பிழைக்கும் இப்படி அதிர்ஷ்டம் அடிப்பதில்லை.

கரெக்‌ஷன் முதலில் ஓவியரிடமிருந்தோ கதாபாத்திரத்தின் உரிமையாளரிடமிருந்தோ வரும். தாளில் ஒரே பக்கத்திலிருந்து வரைந்த உருவத்தைச் சிற்பி சுற்றிலும் கட்ட வேண்டும். எதிரே பார்த்தால் சிரிக்கும் வாய், பக்கவாட்டில் பார்த்தால் உப்பித் தெரியும். மூன்றே முக்கால் அங்குலப் பொம்மையில் தலை ஏறக்குறைய ஒன்றேகால் சென்டிமீட்டர்தான். கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது அழகாக இருக்கும் இமை மடிப்பு, அந்த அளவில் காணாமல் போகும். கண்ணைப் பெரும்பாலும் மை தடவிய ரப்பர் திண்டால் ஒற்றி எடுப்பதால், குழி ஆழமானால் மை பதியாது. அந்தக் காலத்தில் மெழுகில் இரண்டு மடங்கு பெரிதாகச் செதுக்கிப் பிறகு சுருக்குவார்கள். இப்போது இசட்பிரஷ் போன்ற மென்பொருளில் செதுக்கி, முப்பரிமாண அச்சுப்பொறியில் எடுத்துக் கையில் வைத்துப் பார்க்கிறார்கள்.

அடுத்துப் பார்ப்பவர் அச்சு செய்யும் டை மேக்கர். அழகு நன்றாக அமைந்துவிட்டதா என்பது அவர் கவலையில்லை; பொம்மை அச்சிலிருந்து கழன்று வருமா என்று பார்ப்பார். இரண்டு பாதியாகத் திறக்கும் எஃகு அச்சில், காதுக்குப் பின்னால் உள்வாங்கிய குழி ஒன்று இருந்தால் பிளாஸ்டிக் அங்கேயே மாட்டிக்கொள்ளும். செங்குத்தாக நிற்கும் சுவருக்குக் கொஞ்சம் சரிவு கேட்பார். பாதிகள் சேரும் கோடு மூக்கின் நுனி வழியாகப் போகாமல் தலைமுடிக்குள் மறையட்டும் என்பார். புதியவர்களுக்குப் பிடிபடாத கணக்கு ஒன்றும் அவரிடம் உண்டு. பொம்மையின் மூக்கு சிறியதாக வந்துவிட்டால் அச்சில் எஃகைக் கொஞ்சம் குடைந்தால் பெரிதாகிவிடும். பெரிதாக வந்துவிட்டாலோ அச்சில் வெல்டிங் வைத்து நிரப்பி மறுபடி வெட்ட வேண்டும். அதனால் சந்தேகம் வந்தால் சதையைக் குறைத்தே வைக்கச் சொல்வார்.

மூன்றாவது கண் பாதுகாப்புக்காரருடையது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கான பொம்மை என்றால், கழன்று வரும் எந்தத் துண்டும் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனை உருளைக்குள் முழுதாக அடங்கக் கூடாது. குழந்தையின் தொண்டையில் சிக்கும் அளவை வைத்து வகுத்த விதி இது. தொப்பி, வாள், பொத்தான் எல்லாம் இந்தச் சோதனையில்தான் தோற்கும். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம்; எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களில் இறங்கும் வெளிநாட்டுப் பொம்மைக்கும் விலக்கில்லை.

கடைசியில் வாங்குபவர். பொம்மைக்கு மட்டுமல்ல, விளம்பர உருவத்துக்கும் அவர் கருத்து உதவும். 1964இல் எம்.ஆர்.எஃப்.பின் டயர் தூக்கும் பயில்வானை உருவாக்கிய விளம்பரக்காரர் அலிக் பதம்சீ, அதற்கு முன் லாரி ஓட்டுநர்களிடம் கருத்து கேட்டார். டயருக்குப் பலம் வேண்டும் என்று அவர்கள் சொன்னதிலிருந்து அந்த உருவம் பிறந்தது.

தண்டையார்பேட்டை வீட்டு மாடியிலோ அரசு கவின்கலைக் கல்லூரியிலோ இருந்து இந்த வேலைக்கு வர நினைப்பவர்கள் சிலவற்றை வழக்கமாக்கிக்கொள்ளலாம். மாடலை வண்ணமில்லாமல் சாம்பல் நிறத்தில், முன், பின், இரு பக்கம், மேல் என ஐந்து கோணத்தில் அனுப்புங்கள். உண்மையான அளவையும் எந்த வயதுக் குழந்தைக்கு என்பதையும் எழுதுங்கள். “எப்படி இருக்கு?” என்று கேட்டால் “சூப்பர்” என்றுதான் பதில் வரும், “இடது காலில் பாரம் இறங்கியிருக்கிறதா?” என்று கேளுங்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் அனுபவமுள்ள டை மேக்கர் ஒருவரிடம் ஒருமுறை காட்டுங்கள். எத்தனை சுற்று கரெக்‌ஷன் என்பதை வேலை தொடங்கும்போதே எழுதி வாங்கிவிடுங்கள். அதற்கு மேல் வரும் ஒவ்வொரு சுற்றுக்கும் தனியாகக் கூலி கேட்பதில் தவறில்லை.