கடலில் எறிந்த மூட்டைக்கு யார் பணம் கட்டுவது?

2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் 'எவர் கிவன்' கப்பல் குறுக்கே சிக்கிக்கொண்டது நினைவிருக்கும். மாலுமிகள் 25 பேரும் இந்தியர்கள். கப்பலை மீட்ட கையோடு, ஏப்ரல் 1ஆம் தேதி உரிமையாளர்கள் 'ஜெனரல் ஆவரேஜ்' அறிவித்தார்கள். தூத்துக்குடியில் கப்பல் சரக்குக் கணக்கு எழுதியே நரைத்தவன் நான். அந்தச் சொல்லைக் கேட்டாலே வியாபாரிகள் கொதிப்பார்கள்: "என் பெட்டி பத்திரமா இருக்கு, நான் எதுக்கு சார் பணம் கட்டணும்?"

விடை மத்தியதரைக் கடலில் இருக்கிறது. புயலில் கப்பலைக் காப்பாற்றச் சிலருடைய சரக்கைக் கடலில் எறிந்தால், கப்பலிலும் சரக்கிலும் பங்குள்ள எல்லோரும் அந்த நட்டத்தைப் பகிர வேண்டும்; 'ஜெனரல் ஆவரேஜ்' என்பது இதுதான். 6ஆம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் தொகுப்பித்த ரோமானியச் சட்டத்திலேயே இது உண்டு.

கப்பலும் சரக்கும் சேர்ந்து 10,000 காசு பெறும், அதில் எறிந்தது 1,000 என்று வையுங்கள். ஆளுக்கு அவரவர் பொருளின் விலையில் பத்தில் ஒரு பங்கு நட்டம். பறிகொடுத்தவருக்கு 900தான் கைக்கு வரும். தன் பங்கு 100ஐ அவரும் சுமக்கத்தான் வேண்டும். அவர் ஒருவர் மட்டும் நட்டமில்லாமல் கரையேறினால் அது என்ன நியாயம்?

ஸ்பெயினின் கட்டலான் துறைமுகங்களில் வழங்கிய 'கடல் கான்சலேட்' என்ற சட்டநூல் இன்னும் கெட்டி. கப்பல்தலைவன் தன்னிச்சையாக எறிய முடியாது. கப்பலில் இருக்கும் வணிகர்களைக் கலந்து, அவர்களில் ஒருவர் முதலில் ஏதாவதொன்றைத் தன் கையால் எறிந்த பிறகே மற்றவர்கள் தொடங்கலாம். பின்னால் யாரும் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாதல்லவா! எனக்கு மிகவும் பிடித்த விதி இது.

இத்தாலியின் லிவோர்னோவில் இந்தச் சட்டம் பலதரப்பட்டவர்களைக் கட்டிப்போட்டது. 1591, 1593 சாசனங்களால் டஸ்கனியின் ஆட்சியாளர் ஃபெர்டினாண்டோ டி மெடிசி யூதர், ஆர்மீனியர், துருக்கியர், மூர்கள் என எல்லா நாட்டு வணிகர்களையும் அழைத்தார். (அவருடைய சிலையின் காலடியிலேயே சங்கிலியில் கட்டுண்ட நான்கு மூர் அடிமைகளின் வெண்கலச் சிலைகள் உண்டு. வரவேற்பின் லட்சணம் அது.) பங்குக் கணக்கு யாருடைய மதத்தையும் கேட்கவில்லை, சரக்கின் விலையை மட்டுமே கேட்டது.

லிவோர்னோவுக்கு வந்த கப்பல்களின் வழக்குகளைப் பீசா நகரின் 'கடல் கான்சல்கள்' என்ற நீதிபதிகள் விசாரித்தார்கள். கரை சேர்ந்ததும் கப்பல்தலைவன் நடந்ததை எழுதிக்கொடுக்க வேண்டும், மாலுமிகள் சத்தியம் செய்து சாட்சி சொல்ல வேண்டும். ஓட்டை அங்கேதான். சம்பளம் தருபவனுக்கு எதிராக மாலுமி வாய் திறப்பானா? புயல் எவ்வளவு பெரிது என்று சொல்லக் கடலில் வேறு ஆளும் இல்லை.