எந்த விமானத்திற்குப் பயில்வது?

200 மணி நேரம் பறந்து வணிக விமானி உரிமம் பெற்றவரும் மறுநாளே பயணிகள் விமானத்தை இயக்கிவிட இயலாது. ஒவ்வொரு விமான வகைக்கும் தனித் தகுதி பெறவேண்டும். அதனை 'டைப் ரேட்டிங்' என்பர். வகுப்புப் பாடம், சிமுலேட்டர் பயிற்சி, தேர்வு ஆகியவற்றிற்குப் பின்னரே அது உரிமத்தில் பதிவாகும். பயிற்சி நிலையம் நம் பெங்களூருவிலேயே உண்டு. செலவோ பல இலட்சம் ரூபாய். பலருக்கு அது கடன்.

ஏர்பஸ் 320ஐப் பயில்வதா, போயிங் 737ஐப் பயில்வதா? முன்னதில் விமானியின் பக்கவாட்டில் சிறு கைப்பிடி இருக்கும். பின்னதில் கைப்பிடிச் சக்கரம் அவருக்கு நேர் முன்னே நிற்கும். எது சிறந்தது என்று விமானிகள் விடியவிடிய வாதிடுவர். புதியவருக்கு அவ்வாதம் பயன்படாது; வேலை எங்குள்ளது என்பதையே அவர் நோக்கவேண்டும். இண்டிகோ 2023இல் ஏர்பஸ் 320 குடும்ப விமானங்கள் 500 வாங்க ஆணையிட்டது. ஆகாசா ஏர் இயக்குவதோ போயிங் 737.

எனினும், எண்ணிக்கையை மட்டும் நம்புதல் தகாது. பெங்களூரு யு.பி. குழுமத்தின் கிங்ஃபிஷர் 2012இல் நின்றது. அது ஏர்பஸ் 320 இயக்கிய நிறுவனம். போயிங் 737 விமானங்களை மிகுதியாக வைத்திருந்த ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. ஏர்பஸ் 320 இயக்கிய கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில் நின்றது. இரு வகை விமானிகளும் வேலையிழந்தனர். பறக்காமலும் உரிய காலத்தில் சோதனைக்கு உட்படாமலும் இருந்தால் தகுதியும் காலாவதியாகும்.

ஆதலால், நிறுவனம் தேர்ந்தெடுத்த பின்னர் அது இயக்கும் வகையைப் பயில்வதே பாதுகாப்பு என்பது என் கருத்து. முன்னரே பயில விரும்புவோர், பணம் கட்டுமுன் நிறுவனங்களின் ஆள்சேர்ப்பு அறிவிப்புகளைப் படிக்கவேண்டும்: தகுதி மட்டும் போதுமா, அவ்வகையில் பறந்த அனுபவமும் கேட்கின்றனரா?