குத்துச்சண்டை வீரனுக்குப் பாரந்தூக்கல் பயன்படுமா?

விழாக் காலத்திற் பழைய மாணவர் ஒன்றுகூடுமிடத்துப் பழங்கதைகளோடு பயனுள்ள வினாக்களும் எழுவது இயல்பு. அவ்வாறு எழுந்த வினா ஒன்றே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. வெலிமடைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்து நம்மிடையே பயிலும் மாணவருட் சிலர் குத்துச்சண்டையில் ஆர்வங் கொண்டுள்ளனர். அவர்களுக்கு உதவ விரும்பும் நாம் எதனை வாங்கிக் கொடுப்பது? இரும்புப் பாரங்களையும் அவற்றைக் கிடந்து தள்ளுதற்குரிய வாங்கினையுமா? அன்றிக் கையுறைகளையும் குத்துப் பையினையுமா? சேரும் பணமோ சிறிது. ஆதலின் விடை காணுமுன் பொருளைச் சற்று ஆராய்தல் நன்று.

இக்கால இளைஞர் ‘பென்ச் பிரஸ்’ எனக் கூறும் பயிற்சி யாதெனில், வாங்கொன்றில் மல்லாந்து கிடந்து, பாரங் கோத்த இரும்புத் தண்டினை மார்பளவிற்கு இறக்கிப் பின் இரு கைகளாலும் மேலே தள்ளுதலாம். மார்புத் தசையும், தோளின் முன்புறத் தசையும், மேற்கையின் பின்புறத் தசையும் இதனால் வலுப்பெறும். கையை நீட்டிக் குத்துதற்கும் இத்தசைகளே உதவுதலின், “அதிகம் தள்ளுபவன் கடுமையாகக் குத்துவான்” என்று இளைஞர் முடிவு கட்டுகின்றனர். இருவர் சந்தித்தால், “நீ எத்தனை கிலோ தள்ளுவாய்?” என்பதே முதற் கேள்வியாகின்றது.

நம் காலத்து ஆசிரியர்களோ இதற்கு நேர்மாறான கருத்துடையவராயிருந்தனர். பாரந் தூக்குபவனது தசை இறுகும், கை மந்தமாகும், குத்துச்சண்டை பயில்பவன் இரும்பின் பக்கமே போதல் கூடாது என்பர். இவ்விரு கருத்துக்களும் முழு உண்மையல்ல என்பதே நாம் ஈண்டு விளக்கப் புகுவது.

முதலிற் பழைய கருத்தினை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவிலுள்ள ஸ்பிறிங்பீல்ட் கல்லூரியைச் சேர்ந்த கார்ப்போவிச் என்னும் அறிஞரும் சோர்பாஸ் என்பவரும் 1951 ஆம் ஆண்டில் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். பாரந் தூக்குவோர் 300 பேரையும் தூக்காதோர் 300 பேரையும் கொண்டு, கையினை எத்துணை விரைவாகச் சுழற்றுகின்றனர் என அவர்கள் அளந்தனர். பாரந் தூக்குவோரே விரைவிலும் மிக்கவராகக் காணப்பட்டனர். தசை இறுகும் என்ற அச்சம் அன்றே ஆட்டங் கண்டது.

பின்னர் மேடையிலும் சான்று கிடைத்தது. இவாண்டர் ஹோலிபீல்ட் என்னும் அமெரிக்க வீரர் இடைப்பட்ட எடைப் பிரிவொன்றிலிருந்து அதிபார எடைப் பிரிவிற்கு ஏறியபோது, முறையான பாரப் பயிற்சியினால் உடலைப் பெருக்கினார். எட்டு முறை ‘மிஸ்டர் ஒலிம்பியா’ பட்டம் வென்ற லீ ஹேனி அவருக்குப் பயிற்சியளித்தோருள் ஒருவர். 1990 ஒக்டோபரில் 208 இறாத்தல் எடையுடன் மேடையேறிய ஹோலிபீல்ட், 246 இறாத்தல் எடையுடைய பஸ்டர் டக்ளஸை மூன்றாஞ் சுற்றில் வீழ்த்தி உலக வீரரானார். ஆயின் அவ்வெற்றி எவ்வாறு வந்தது? டக்ளஸ் கீழிருந்து மேலாக வீசிய குத்துத் தவறியது. அக்கணமே ஹோலிபீல்டின் வலக்கை நேராகச் சென்று தாக்கியது. பாரப் பயிற்சி அவரை அப்பிரிவில் நிற்க வைத்தது. வெற்றியைத் தந்தது காலமறிந்து குத்திய திறனே.

இனிப் புதிய கருத்தினை ஆராய்வோம். குத்தின் வலிமை எங்கிருந்து பிறக்கின்றது? நம் மலைகளிற் கவ்வாத்து வெட்டுபவரை உற்று நோக்கினால் விடை விளங்கும். சரிவிலே காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, அத்திருப்பத்தின் வேகத்தைத் தோள் வழியே கத்திக்குச் செலுத்துகின்றார் அவர். கைப்பலத்தை மாத்திரம் நம்புபவர் நண்பகலுக்கு முன்னரே சோர்ந்துவிடுவர். குத்தும் அவ்வாறே நிலத்திற் பிறந்து, காலேறி, இடுப்பிலே திரும்பி, தோளைக் கடந்து முட்டியில் முடிகின்றது.

சோவியத் ஆராய்ச்சியாளர் 1980களில் இதனை அளந்தறிந்தனர். தேர்ந்த வீரரின் குத்திற் காலின் உந்துதல் ஏறத்தாழ நூற்றுக்கு 38 பங்கும், உடலின் திருப்பம் 37 பங்கும், கையின் நீட்டம் 24 பங்கும் உதவுகின்றன எனக் கண்டனர். பயிற்சி குறைந்தோரிடத்தோ காலின் பங்கு ஏறத்தாழ 17 ஆகத் தாழ, கையின் பங்கு 38 ஆக உயர்ந்திருந்தது. கையினால் மாத்திரங் குத்துதல் தொடக்கநிலையின் அடையாளம் என்பது இதனாற் பெறப்படும்.

பென்ச் பிரஸ் வளர்ப்பது அக்கையின் பங்கினையே. அன்றியும் அதற்கும் குத்திற்கும் வேற்றுமைகள் பலவுள. வாங்கிற் கிடப்பவனது முதுகை வாங்கு தாங்குகின்றது. மேடையில் நிற்பவனுக்கு முதுகிலே தாங்குவார் இலர். ஒரு பொருளை முன்னே தள்ளுபவன் தானும் பின்னே தள்ளப்படுவான் என்பது நியூற்றனின் விதி. அத்தாக்கத்தை மேடையில் ஏற்பன அவன் பாதங்களே. வாங்கில் இரு கைகளும் ஒருங்கே தள்ளும். குத்திலே உடல் திரும்ப ஒரு கை செல்லும். தண்டு கையின் எல்லையை அடையுமுன் வேகந் தணிந்து நிற்றல் வேண்டும். முட்டியோ இலக்கைத் தொடும்வரை வேகந் தணிதல் ஆகாது.

இன்னுமொரு நுட்பம் உண்டு. கனடாவிலுள்ள வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டுவர்ட் மக்கில் என்னும் பேராசிரியரும் துணைவரும் 2010 இல் தேர்ந்த சண்டை வீரர்களின் தசை இயக்கத்தை ஆராய்ந்தனர். தாக்குதல் தொடங்குகையில் தசை ஒருமுறை இறுகி, இடையிலே தளர்ந்து, இலக்கைத் தொடும் வேளையில் மீண்டும் இறுகுதலைக் கண்டனர். இடைப்பட்ட தளர்ச்சியே வேகத்தைத் தருவது. இறுதியில் வரும் இறுக்கமே உடலின் பாரத்தை முட்டியின் பின்னே நிறுத்துவது. தளரக் கற்றுக்கொள்வதைப் பெரும் பாரம் ஒருவனுக்குப் போதிப்பதில்லை.

இவ்வாறு கூறுதலாற் பென்ச் பிரஸ் பயனற்றது என்பது நம் கருத்தன்று. பிரேசில் நாட்டுத் தேசியக் குழுவைச் சேர்ந்த ஆண், பெண் குத்துச்சண்டை வீரர் 15 பேரைக் கொண்டு 2016 இல் வெளிவந்த ஆய்வொன்றில், குத்தின் வன்மைக்கும் வாங்கிற் பாரத்தை விரைந்து தள்ளும் ஆற்றலுக்கும் நெருங்கிய தொடர்பு காணப்பட்டது. காலின் ஆற்றலுக்கும் அத்தகைய தொடர்பு இருந்தது. எனினும் இரண்டினை மறத்தலாகாது. அவர்கள் யாவரும் முன்னரே குத்தத் தெரிந்தவர்கள். மேலும், தொடர்பு வேறு, காரணம் வேறு. பலம் மாத்திரமே வீரனை ஆக்குமாயின், வெலிமடைச் சந்தையில் உருளைக்கிழங்கு மூடை தூக்கும் அன்பர் யாவரும் விருது பெற்றிருப்பர்!

நம் முன்னோர் இவ்வேற்றுமையை அறிந்திருந்தனர். தமிழகத்துக் கிராமங்களில் இளவட்டக்கல் உண்டு; கர்லாக்கட்டையும் உண்டு. முன்னையது ஊரறியத் தூக்கிக் காட்டுதற்கு உரியது. பின்னையது நாள்தோறும் சுழற்றித் தோளையும் இடுப்பையும் ஒருங்கே பழக்குதற்கு உரியது. எத்தனை கிலோ எனக் கேட்டுத் தள்ளும் பென்ச் பிரஸ் இக்காலத்து இளவட்டக்கல்லேயாம். குத்துச்சண்டை பயில்பவனுக்கு வேண்டுவது கர்லாக்கட்டையின் வழி.

குத்துச்சண்டை எடைப் பிரிவுகளையுடையது என்பதையும் நினைத்தல் வேண்டும். 1938 இல் சிட்னி நகரில் நிகழ்ந்த பேரரசு விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்குத் தங்கப் பதக்கம் ஈட்டித் தந்த பானி ஹென்றிக்கஸ் இறகு எடைப் பிரிவினர். அப்பிரிவின் எல்லை ஏறத்தாழ 57 கிலோகிராம். சிறிய மேனியர் நாணவேண்டியதில்லை என்பதற்கு இஃதொன்றே சாலும். வீணே மார்பைப் பெருக்குபவன் மேற்பிரிவிற்குச் சென்று, தன்னினும் உயர்ந்த, நீண்ட கையினரை எதிர்கொள்ள நேரும். மேலும் தசை வளர உணவு வேண்டும். காலையில் ரொட்டியும் சம்பலும் உண்டு, மலையேறி இறங்கிக் கல்லூரிக்கு வரும் பிள்ளையின்மேற் பாரத்தை ஏற்றுமுன், அவனுக்கு முட்டையும் பருப்பும் பாலும் கிடைக்கின்றனவா என்று நாம் கேட்டல் கடன்.

பலத்தின் மீதுள்ள பேராசை வேறொரு வாயிலையும் திறந்துவிடும். 2010 இல் டில்லியில் நிகழ்ந்த பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் இலங்கை வீரரொருவர் குத்துச்சண்டையில் தங்கம் வென்றபோது நாடே மகிழ்ந்தது. தசை வளர்க்கும் நன்ட்ரோலோன் என்னும் தடைசெய்யப்பட்ட பொருள் அவர் உடலிற் காணப்பட்டமையால் அப்பதக்கம் மீளப்பெறப்பட்டது. அஃது எவ்வாறு சேர்ந்தது என்பது நம் ஆராய்ச்சியன்று. விரைவிற் பலந் தரும் எனக் கூறி எவர் எப்பொடியினை, எவ்வூசியினை நீட்டினும் மறுத்தல் வேண்டும் என்பதே மாணவர் கொள்ளத்தக்க பாடம்.

எனின், செய்யத்தக்கது யாது? வாரத்தில் இரு நாட் பாரப் பயிற்சி போதுமானது. பாரத்தைத் தோளேற்றிக் குந்தி எழுதல், நிலத்திலிருந்து பாரத்தை நிமிர்ந்து தூக்கல், மார்பை நோக்கி இழுத்தல், பாரமான பந்தினை இடுப்பைத் திருப்பிச் சுவரில் எறிதல் ஆகியன முதலிடம் பெறுக. தள்ளும் அளவிற்கு இழுத்தலும் நிகழ்ந்தாலன்றித் தோள்மூட்டு நோவெடுக்கும். பென்ச் பிரஸ் செய்பவர் மிதமான பாரத்தை விரைந்து தள்ளுக. துணைவரின்றி ஒருபோதும் செய்யற்க. தண்டு கழுத்தில் விழின் உயிருக்கே கேடாம். பாரந் தூக்கினாற் பிள்ளைகள் உயரமாக வளரார் என்று அஞ்சும் பெற்றோருக்கு ஒரு சொல்: தக்கார் மேற்பார்வையில் முறையாகச் செய்யும் பயிற்சி வளர்ச்சியைத் தடுப்பதில்லை என்பது சிறுவர் மருத்துவ அறிஞர் கொண்ட முடிபு. போட்டிக்கு முந்திய வாரத்திற் பாரத்தைக் குறைத்து உடலைப் புத்துணர்ச்சி பெறவிடுக. எத்தகைய தசையும் மூளையைக் காக்காது என்பதையும் மறவற்க. தலையைக் காப்பன கால்நடையும், கண்ணும், தடுக்கக் கற்ற கையுமே.

இப்பொழுது நம் வினாவிற்கு விடை கூறலாம். பாரப் பயிற்சி குத்துச்சண்டை வீரனுக்கு வேண்டற்பாலதே. ஆயினும் அது துணையேயன்றித் தலைமையன்று. ஆகவே சேரும் பணத்தில் முதலில் நல்ல கையுறைகளும், தலைக்காப்பும், குத்துப் பையும் வாங்குவோம். அறிந்த பயிற்சியாளரொருவரை வாரந்தோறும் அழைக்க ஒரு பங்கினை ஒதுக்குவோம். பயிற்சி முடிந்த பின் பிள்ளைகள் உண்ண இன்னொரு பங்கு இருக்கட்டும். மணல் நிறைத்த சாக்கும், கர்லாக்கட்டையும், தண்டாலும் அதுவரை பாரமாக உதவும். பின்னும் பணம் எஞ்சின் இரும்பும் வரட்டும், வாங்கும் வரட்டும். அன்று நம் மாணவன் வாங்கிலிருந்து எழும்போது, “எத்தனை கிலோ தள்ளினாய்?” என்று வினவாது, “காலை ஊன்றக் கற்றனையா?” என்று வினவும் பழைய மாணவராக நாம் இருப்போமாக.